தோணிக்காரனின் இரண்டாவது வரி

செந்தமிழ்ச்செல்வி என்று பெயர் வைத்துவிட்டு, அந்தப் பெண்ணைப் பிரெஞ்சு படிக்க அனுப்பினார் அவள் அப்பா. பகலில் மில் வேலை, மாலையில் தமிழ்க் கூட்டம், மேடைக்கு எதிரே முதல் வரிசை என்று இருந்த மனுஷன். ஆனால் பக்கத்து வீடு சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவரின் குடும்பம். அவர்களுக்கு மாதா மாதம் பிரான்சிலிருந்து பென்ஷன் வருவதை அவரும்தானே பார்த்துக்கொண்டிருந்தார்! கொள்கை வேறு, பிள்ளையின் பிழைப்பு வேறு. "எங்கப்பா தமிழுக்கு என் பேரக் குடுத்தாரு, பிரெஞ்சுக்கு என்னயே குடுத்துட்டாரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள் செல்வியக்கா.

அந்தப் பிரெஞ்சுதான் அவளுக்குச் சோறு போடுகிறது. காந்தி வீதியை ஒட்டிய சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை. பென்ஷன் பாரம் நிரப்புவது, பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்ப்பது, பிரான்சிலிருந்து வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வது. நாற்பதைத் தாண்டிவிட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாரத்தில் தங்கை வீட்டு மாடியில் இருக்கிறாள். காலையில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்தால் படிக்கட்டில் யாராவது காகிதப் பையோடு காத்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு விஷயத்தில் அவள் ராட்சசி. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியேதான் படிப்பாள். ஒருமுறை நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது ஓர் அம்மாள் தன் வெள்ளைக்கார மருமகள் எழுதியதைக் கொண்டுவந்தாள். இந்த வருஷமும் வர முடியாது, அடிக்கடி போன் செய்து தொந்தரவு செய்ய வேண்டாம் என்று எழுதியிருந்தாள் அந்தப் புண்ணியவதி. அக்கா ஒரு வார்த்தையைக்கூடக் குறைக்காமல் படித்தாள். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கிப் போனாள். நான் சண்டைக்குப் போனேன்.

"கொஞ்சம் பூசி மெழுகிச் சொன்னா இன்னாக்கா கொறஞ்சிடும்?"

"அது அவங்க கடுதாசி, ஹரி. நான் பாதிய முழுங்கிட்டா, அவங்க பாதிக் கடுதாசிக்குத்தான் பதில் யோசிப்பாங்க. அதச் செய்ய நான் யாரு?"

அப்படிப்பட்டவள்தான் ஒரு சீட்டில் ஒரு வரியை முழுங்கினாள். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

என் பெயர் ஹரிகிருஷ்ணன். நெல்லித்தோப்பில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது கடைக்கு ஒரு தடவை வந்தவனுக்கே தெரியும். நாங்கள் ஆடுவது காசு வைத்து ஆடும் சீட்டு இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி கலைவாணியே ரொம்ப நாள் நம்பவில்லை.

எங்கள் சிநேகிதன் எழிலரசன் ஒரு கல்யாண மண்டபத்தில் மேனேஜர். அவனுடைய பெரியப்பா பிள்ளை பிரான்சிலிருந்து லீவில் வந்தபோது ஒரு பெட்டி நிறைய சீட்டுகளை இங்கேயே விட்டுவிட்டுப் போனான். ராட்சசன், ராணி, டிராகன், பேய், மந்திரவாதி என்று படம் ஒவ்வொன்றும் கண்ணைப் பறிக்கும். ஆனால் எழுத்தெல்லாம் பிரெஞ்சு. பெட்டியின் மேல் ஏதோ நீளமாகப் போட்டிருந்தது, அது எங்கள் வாயில் நுழையவில்லை. ராஜ்யம் என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். படித்துச் சொல்ல செல்வியக்காவை இழுத்து வந்தோம். படித்துச் சொல்ல வந்தவள் எங்களைவிட நன்றாக ஆடத் தொடங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளுடைய அறையில்தான் ஆட்டம். கீழே காந்தி வீதி முழுக்க ஞாயிற்றுச் சந்தை, சட்டைக்காரனும் செருப்புக்காரனும் கத்துகிற கத்தல் மாடிவரைக்கும் வரும். வந்ததும் நாலு பேரும் போனை அக்காவின் மேஜை டிராயரில் போட்டு மூடிவிட வேண்டும். இது எங்கள் சட்டம். போனைக் காட்டினால் எந்தப் பாஷையையும் அதுவே படித்துச் சொல்லும் என்பது எங்களுக்குத் தெரியாமலில்லை. அக்கா இருக்கும்போது போன் எதற்கு?

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாலு பேர், ஆளுக்கு ஒரு டெக். டெக் என்பது அவரவர் யோசித்து அடுக்கிக் கொண்டுவரும் கட்டு. எல்லாருக்கும் முப்பது உயிர், கணக்குக்கு ஆளுக்கு முப்பது புளியங்கொட்டை. ஆட்களை இறக்கி அடுத்தவன் உயிரைக் குறைக்க வேண்டும், உயிர் தீர்ந்தவன் அவுட், கடைசியில் மிஞ்சுகிறவன் ராஜா. இரண்டு பேர் ஆடினால் இது வெறும் சண்டை. நாலு பேர் உட்காரும்போதுதான் விஷம் ஏறும். நீ ஒருத்தனை அடித்துக் களைத்தால் மற்ற இரண்டு பேரும் சும்மா இருந்தே லாபம் பார்ப்பார்கள். நீ பலசாலி என்று தெரிந்துவிட்டால் மூன்று பேரும் ஒன்றுசேர்ந்து உன்னைக் கவிழ்ப்பார்கள். அதனால் டெக் அடுக்கும்போதே, மற்ற மூன்று பேரும் உன்னை எப்படிப் பார்க்கப் போகிறார்கள் என்றும் சேர்த்து அடுக்க வேண்டும்.

என் டெக்கில் முழுக்க டிராகன். ஒளிவுமறைவு எனக்கு வராது. எழிலரசன் டெக்கில் சுவர், அகழி, கோட்டைக் கதவு. மண்டபத்தில் முதல் பந்திக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பானே, அதேபோல ஒருத்தரையும் உள்ளே விடமாட்டான். செல்வியக்காவுடையது விருந்து டெக். அவள் இறக்கும் ஆட்கள் எல்லாருக்கும் உயிர் கொடுப்பார்கள், எல்லாருக்கும் ஒரு சீட்டு அதிகம் எடுத்துக்கொள்ள விடுவார்கள். அவள் வீட்டில் கை நனைத்தவன் எப்படி அவளை அடிப்பான்? நாங்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு சாகும்போது அவள் மட்டும் முழுசாக இருப்பாள்.

நாலாவது ஆள் முகிலன். எங்களில் சின்னவன். குருசுக்குப்பத்தில் மீன்பிடிக் குடும்பம், அப்பா கடலுக்குப் போனவர், இவன் பேக்டரிக்குப் போனான். அந்தக் கம்பெனியை மூடியதும் வேலை போயிற்று. அப்புறம் வீட்டில் சண்டை முற்றி, மனைவி கவிநிலா மகளை அழைத்துக்கொண்டு விழுப்புரத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பேசுவதே குறைந்துபோனது அவனுக்கு. ஞாயிறு மட்டும் வருவான்.

அவனுடையது பிணக்கட்டு. செத்த ஆட்களைப் போடும் குவியலிலிருந்து அவர்களை எழுப்பிக் கொண்டுவருகிற டெக். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் எழுப்புவதற்குச் சரியான சீட்டு அவனிடம் இல்லை. குவியல்தான் வளரும், ஒருத்தனும் எழுந்து வரமாட்டான். நாலு பேர் ஆட்டத்தில் தடுமாறுகிறவனை முதலில் முடிப்பதுதான் எல்லாரும் செய்வது. நாங்களும் அதைத்தான் செய்தோம். அவுட் ஆனவன் மற்றவர்கள் முடிக்கும்வரை உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும். முகிலன் உட்கார மாட்டான். "வரேண்ணா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவான்.

அப்படி ஒரு ஞாயிறு இறங்கிப் போனவனை மறுநாள் விடியற்காலையில் குப்பத்து ஆட்கள் கரையில் பாறைக் கற்களுக்கு நடுவிலிருந்து நினைவில்லாமல் தூக்கி வந்தார்கள். மீன்காரப் பிள்ளை, நடக்கக் கற்றுக்கொண்டபோதே நீந்தக் கற்றுக்கொண்டவன். அவன் தவறி விழுந்திருப்பான் என்று ஒருத்தரும் நம்பவில்லை, ஆனால் தவறி விழுந்துவிட்டான் என்றுதான் எல்லாரும் சொன்னோம். பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் அம்மா ஆயம்மா சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்ததை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"சீட்டுல தோத்ததுக்காகவா ஒருத்தன் இப்டிப் பண்ணுவான்? அவனுக்கு ஆயிரம் கஷ்டம்" என்றான் எழிலரசன்.

"ஆயிரமும் இருக்கட்டும் எழிலு. வாரத்துல அவன் வெளிய வர்ற எடம் இது ஒண்ணு. இங்கயும் மொத ஆளா வெளிய அனுப்பிட்டம்" என்றாள் அக்கா.

சிகிச்சை முடிந்து, மாத்திரையோடு அவன் மறுபடி வந்த ஞாயிறு அன்று அக்கா ஒரு சீட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். பெட்டியின் அடியில் கிடந்தது என்றாள். கறுப்புத் தண்ணீரில் ஒரு தோணி, அதில் முகத்தை மூடிய ஒருவன் துடுப்போடு நிற்கிற படம். மேலே பெயர், கீழே இரண்டு வரி.

"தோணிக்காரன்" என்று படித்தாள். "ஒன் ஆளு ஒருத்தன் செத்தா, தோணிக்காரன் அவன இந்தக் கரைக்குத் திரும்பக் கொண்டாருவான்."

"கீழ இன்னொரு வரி கீதே, அது இன்னாக்கா?"

"அது சும்மா கத. அழகுக்குப் போட்டுக்கிறான்."

அப்படி அழகுக்குக் கதை வரி போட்ட சீட்டுகள் நிறைய உண்டு. ஆனால் அந்த வரியெல்லாம் சாய்வெழுத்தில் இருக்கும். இது நேரெழுத்தில் இருந்தது. எங்களில் ஒருத்தன் கண்ணிலாவது அது பட்டிருக்க வேண்டும். படவில்லை. சொல்வது செல்வியக்கா அல்லவா?

அந்தச் சீட்டு வந்தபிறகு முகிலன் டெக்குக்கு உயிர் வந்தது. குவியலில் எதை முதலில் தள்ளுவது, எதைக் காட்டி என்னைப் பயமுறுத்துவது, எழிலரசனோடு எந்தச் சுற்றில் சமாதானம் பேசுவது என்று ராப்பகலாக யோசித்துக்கொண்டு வருவான். என் டிராகன் அவன் ஆளைக் கொன்றால் தோணிக்காரன் துடுப்பு போட்டுக் கொண்டுவந்து விட்டுவிடுவான். மறுபடி கொன்றால் மறுபடி. எனக்கு வயிறு எரியும், வாய்க்கு வந்தபடி திட்டுவேன். முகிலன் சிரிப்பான். அவன் சிரிக்கிறான் என்பதற்காகவே எழிலரசன் மேஜைக்கு அடியில் என் காலை மிதிப்பான். மெல்ல மெல்ல முகிலன் தேறி, தேங்காய்த்திட்டு துறைமுகத்துப் பக்கம் ஐஸ் பேக்டரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். சவரம் செய்துகொண்டு வந்தான். மகளோடு போனில் பேசுகிறேன் என்று ஒருநாள் தானாகவே சொன்னான். இரண்டு வருஷம் இப்படிப் போனது.

போன கார்த்திகையில் ஒரு ஞாயிறு, போனை டிராயரில் போடுவதற்கு முன் முகிலன் அதை எங்களிடம் நீட்டினான்.

"பொங்கல் முடிஞ்சதும் சென்னையில போட்டி. நம்ம ராஜ்யம்தான், நாலு பேரு மேச. எந்த பாஷ சீட்டா இருந்தாலும் சேத்துக்குறாங்களாம். பேரு குடுத்துட்டேன்."

எழிலரசன் கைதட்டினான். நான் அவன் முதுகில் ஒன்று வைத்தேன். முகிலன் வெட்கத்தோடு சொன்னான்: "ஐஸ் பேக்டரியில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். பாப்பாகிட்டயும் சொன்னேன். கப்பு வாங்கிக்கினு வாப்பான்னுது. கவிநிலாவும் போன வாங்கி, பாத்துப் போய்ட்டு வான்னு சொன்னா."

செல்வியக்கா சிரித்தாள். ஆனால் அன்று ஆட்டம் முழுக்கத் தன் சீட்டு எது, குவியல் எது என்று தெரியாமல் தடுமாறினாள். தலைவலி என்றாள்.

மறுநாள் கடையில் இருந்தபோது போன் செய்து வரச் சொன்னாள். போனேன். அறையில் யாரும் இல்லை. தோணிக்காரனின் இரண்டாவது வரியை அன்றுதான் எனக்குப் படித்துச் சொன்னாள்.

"கூலியாக உன் உயிரில் பாதியைக் கொடு."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகிலன் நினைவே வரவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். என் டிராகன்கள்தான் நினைவுக்கு வந்தன.

"அப்ப ரெண்டு வருசமா அவன் ஓசியிலயே தோணி ஓட்டிக்கினு இருந்தானா? எத்தினி தடவ அந்த முக்காட்டுக்காரன் என்ன வெரட்டி வெரட்டி அடிச்சான்! ஊருக்கெல்லாம் ஒரு எழுத்து மாத்தாம படிக்கிறவ, எங்கிட்டதான் பொய் சொல்லணுமா?"

"ஒங்கிட்ட இல்ல ஹரி. அவங்கிட்ட" என்றாள். அதற்கப்புறம் என் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

அவள் அழவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. சென்னையில் முதல் ஆட்டத்திலேயே, தோணிக்காரனை அவன் இறக்கிய அடுத்த நிமிஷம், எதிரே இருப்பவன் போனைக் காட்டிப் படிப்பான். நடுவர் வருவார். இரண்டாவது வரி தெரியாதா என்று கேட்பார். அத்தனை பேருக்கு நடுவில் அவன் நிற்பான், பிறகு பஸ்ஸில் தனியாகத் திரும்பி வருவான், மகளுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே. கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க ஒரு பக்கம் கடல். எங்கள் இரண்டு பேருக்கும் அதே நினைப்புத்தான், ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல இருவருக்கும் தைரியமில்லை.

போட்டி ரத்தாகிவிட்டது என்று யாரையாவது விட்டுப் பேசச் சொல்லலாமா என்றேன். அவள் என்னை முறைத்தாள். "ஒரு பொய்யத்தான் தூக்க முடியல, இன்னொண்ணு எதுக்கு?"

ஆனால் அவளும் முதலில் வேறு வழிதான் பார்த்தாள். புதன்கிழமை வேலை முடிந்து வரச் சொல்லி முகிலனை அழைத்தாள். கூட இருக்கச் சொல்லி என்னையும் பிடித்து வைத்துக்கொண்டாள். மேஜையில் அவன் டெக்கை விரித்துப் போட்டு, சென்னைக்கு இதை வேறு மாதிரி அடுக்கலாம் என்று ஆரம்பித்தாள்.

"அங்க நம்மள மாதிரி ஆட மாட்டாங்க முகிலா. பிணக்கட்டுன்னு தெரிஞ்ச ஒடனே குவியலயே காலி பண்ற சீட்டு வெச்சிருப்பாங்க. தோணிக்காரன மட்டும் நம்பிப் போனா மாட்டிக்குவ. அவன எடுத்துட்டு இந்த ரெண்டு பேயயும் வையி. மெதுவாத்தான் ஏறும், ஆனா ஒன்ன யாரும் கண்டுக்க மாட்டாங்க."

"கண்டுக்காம இருக்கறதுக்கு நான் எதுக்குக்கா அவ்ளோ தூரம் போவணும்? தோணிக்காரன் இல்லாம அது என் டெக்கே இல்ல."

"இல்லடா, சொல்றதக் கேளு..."

"அவன்தான்கா என்ன எழுப்பி வுட்டான்" என்றான் முகிலன். சாதாரணமாகத்தான் சொன்னான்.

செல்வியக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு அந்தச் சீட்டை எடுத்து, படிக்கட்டில் காத்திருப்பவர்களுக்குப் படிக்கும் அதே குரலில், முதல் வரியைப் படித்தாள். நிறுத்தாமல் இரண்டாவதையும் படித்தாள்.

முகிலன் சீட்டை வாங்கிக் கீழ் வரியின்மேல் விரலை வைத்தான்.

"அது கதன்னு சொன்னீங்களே?"

"கத இல்ல. நான்தான் அப்டிச் சொன்னேன்."

"ஒவ்வொரு தடவயும் பாதியா?"

"ஒவ்வொரு தடவயும்."

"அப்ப நான் ஜெயிச்சது?"

நான் குறுக்கே புகுந்து ஏதோ உளறினேன். நீ யோசித்து ஆடியதெல்லாம் நிஜம்தானே, சமாதானம் பேசியதெல்லாம் உன் மூளைதானே என்று. அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அண்ணனுக்கும் தெரியுமா?"

"முந்தாநேத்துதான் சொன்னேன். நீ ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்போ, இன்னொரு தடவ மொத ஆளா நீ எழுந்து போறத என்னால பாக்க முடியாதுன்னு தோணிச்சி. அதான்."

"இன்னும் எத்தன சீட்டுல இப்டி?"

"வேற எதுலயும் இல்ல. இது ஒண்ணுதான்."

"அத நான் எப்டிக்கா நம்பறது?"

பதினைந்து வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிறாள், அவளைப் பார்த்து இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. முகிலன் எழுந்தான். செருப்பை மாட்டிக்கொண்டான். "வரேண்ணா" என்று எனக்கு மட்டும் சொல்லிவிட்டு இறங்கினான். டெக்கை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனான்.

எந்தக் கோபத்திலும் அவன் டெக்கை விட்டுவிட்டுப் போனவனில்லை. ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் சந்து முனையைத் தாண்டிவிட்டான்.

போன் செய்தோம். எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயந்திரம் இருவரும் குருசுக்குப்பத்துக்குப் போனோம். தெருமுனையில் நாலைந்து பேர் கூடி நின்றதைப் பார்த்து அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் ஏதோ வண்டி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டு வாசலில் ஆயம்மா வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள்.

"வேலைக்குப் போயிக்கிறான்" என்றாள் எங்களைக் கண்டதும். அக்கா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். "ஆனா சோறு எறங்கல அவனுக்கு. மூஞ்சியப் பாத்தா அன்னிக்கி மாதிரியே கீது. நான் அவன் தூங்கறானான்னு பாத்துக்கினே முழிச்சிக்கினு கெடக்கறேன். ஒங்களுக்குள்ள இன்னா ஆச்சி?"

அக்கா கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். தன் பக்கம் ஒரு சமாதானமும் சேர்க்கவில்லை. சீட்டு, டெக் எல்லாம் ஆயம்மாவுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கேட்டு முடித்துவிட்டு, "நல்லதுக்குத்தான் செஞ்ச" என்றாள். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "ஆனா தாயி, அவன் பெத்த என்ன நம்பல, கட்டனவள நம்பல. ஒன்ன ஒருத்தியத்தான் நம்பிக்கினு இருந்தான்."

பையிலிருந்து டெக்கை எடுத்து ஆயம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தோம். திரும்பும் வழியில் கடற்கரைச் சாலையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். கூட்டம், ஐஸ்கிரீம், செல்ஃபி எடுக்கும் வெளியூர்ப் பிள்ளைகள். ஒரு கல்லில் உட்கார்ந்து வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன் வந்து என்ன நல்லா திட்டிட்டா போதும் ஹரி" என்றாள். நான் திட்டட்டுமா என்று கேட்டேன். சிரிக்கவில்லை.

ஞாயிறு வந்தது. எழிலரசனுக்கு மண்டபத்தில் முகூர்த்தம், பந்தியை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு ஓடி வந்திருந்தான். மூன்று பேரும் போனை டிராயரில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். யாரும் சீட்டைத் தொடவில்லை. கீழே ஒருவன் பனியன் பனியன் என்று கத்திக்கொண்டே இருந்தான். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டபோது அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

முகிலன் வந்தான். அவனுடைய இடத்தில் உட்கார்ந்தான். எழிலரசன் டிராயரைத் திறந்து பிடித்தான். முகிலன் போனை அதில் போடவில்லை, மேஜைமேல் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டான். எனக்குச் சுருக்கென்றது. சட்டம் சட்டம்தானே என்று வாயைத் திறக்கப் போனேன். மேஜைக்கு அடியில் காலில் மிதி விழுந்தது.

ஆட்டம் தொடங்கியது. தன் கைக்கு வந்த ஒவ்வொரு சீட்டையும் போனுக்கு அடியில் பிடித்து, அது சொல்வதைப் படித்து, பிறகுதான் இறக்கினான். மற்ற சீட்டெல்லாம் அக்கா சொன்னபடியேதான் இருந்தது. ஒவ்வொன்றையும் படித்துவிட்டு அவன் அவளை நிமிர்ந்து பார்ப்பான் என்று நான் எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை.

"சென்னைக்கு?" என்றான் எழிலரசன் மெதுவாக.

"போவேன். பாப்பாகிட்ட சொல்லிட்டேன்ல" என்றான்.

என் டிராகன் அவன் ஆட்களில் பெரியவனைக் கொன்றது. முகிலன் தோணிக்காரனை இறக்கினான். போனைக் காட்டினான். அது சொன்ன அரைகுறைத் தமிழை வாய்விட்டுப் படித்தான். "கட்டணம் செலுத்து, உங்கள் வாழ்க்கையின் பாதி." தன் உயிரில் பாதியை எடுத்துப் பெட்டியில் போட்டான். ஆளைக் கரைக்குக் கொண்டுவந்தான். அவன் முன்னால் மிச்சமிருந்ததைப் பார்த்து எங்கள் மூன்று பேருக்கும் ஒரே கணக்குத்தான் ஓடியது. ஒரு நல்ல அடிக்கு அவன் தாங்கமாட்டான்.

என் முறை. என்னால் முடியவில்லை, எழிலரசன் சுவரில் போய் முட்டிக்கொண்டேன். எழிலரசன் முறை. அவன் இன்னொரு சுவர் கட்டினான். அடுத்து அக்கா. விருந்து டெக்குக்காரி, இத்தனை நாளில் முகிலனை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. எல்லாருக்கும் பரிமாறுகிறவர்களை ஒவ்வொருவராகத் திருப்பி, அவனுக்கு நேராக வைத்தாள்.

"முகிலா, ஒன்னத்தான் அடிக்கிறேன்."

அப்போதுதான் அவன் அவளைப் பார்த்தான். "அடிங்க" என்றான்.

அவனுக்கு உயிர் தீர்ந்தது. முதல் ஆள் அவுட். எழிலரசன் தன் சீட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். முகிலன் தன் சீட்டுகளை நிதானமாகச் சேர்த்துக் கட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, எழுந்தான். வாசல்பக்கம் போனான். செருப்பு அங்கேதான் கிடந்தது. அதைத் தாண்டி மூலையில் இருந்த ஸ்டூலை எடுத்துக்கொண்டு வந்து, அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.

"ஆடுங்க. முடியறவரைக்கும் இருக்கேன்."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. என் முறையும் எழிலரசன் முறையும் முடிந்ததும், அடுத்த சீட்டை இறக்கி, வழக்கம்போல எங்களுக்காக அதைச் சத்தமாகப் படிக்க வாயெடுத்தாள்.

"இருங்கக்கா" என்றான் முகிலன். கையை நீட்டி, அவளுடைய சீட்டுக்கு மேலே போனைப் பிடித்தான்.

அவள் சீட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். போன் தேடிக்கொண்டிருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான், அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம். சரியாத்தான் கீது" என்றான்.

அதற்கப்புறம்தான் அவள் படித்தாள். அன்றைக்கு அவள் போட்ட ஒவ்வொரு சீட்டின் மேலும் அந்தப் போன் வந்து நின்றது. ஒவ்வொரு தடவையும் அவன் சரி என்று சொல்லும்வரை அவள் வாயைத் திறக்காமல் காத்திருந்தாள்.